டுரோலெவம் எங்கே? கென்ட்டில் தொலைந்த ரோமானியச் சாலையோர ஊர் பற்றி

நெடுவழி:

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நியூயிங்டன் என்றொரு கிராமம். ராச்செஸ்டரிலிருந்து கேன்டர்பரி போகும் ஏ2 சாலையில், கில்லிங்கமுக்கும் சிட்டிங்போர்னுக்கும் நடுவில் இருக்கிறது. இந்த ஏ2தான் ரோமானியர் போட்ட வாட்லிங் ஸ்ட்ரீட். 2019இல், வீடுகள் கட்டுவதற்கு முன்னால், அங்கே 18 ஏக்கர் நிலத்தில் அகழாய்வு நடந்தது. 7 மீட்டர் அகலத்தில் ஒரு சாலை, பானைச் சூளைகள், இரும்பு உருக்கிய உலைகள், நாணயங்கள், கோயிலாக இருக்கலாம் என்று கருதப்படும் ஒரு கட்டடம் எல்லாம் வெளிவந்தன. "காணாமல் போன ரோமானிய ஊர்" என்று செய்திகளில் அடிபட்டது.

இந்தச் சாலையில் ஒரு ஊர் உண்மையிலேயே காணாமல்தான் போயிருக்கிறது. டுரோலெவம் என்று பெயர். ரோமானியப் பயணத் தடங்களைத் தொகுத்த அன்டோனைன் வழிப்பட்டியலில் ராச்செஸ்டருக்கும் கேன்டர்பரிக்கும் இடையில் வருகிறது. அது இருந்த இடம் நியூயிங்டன்தான் என்று பழைய ஆய்வாளர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள்.

நியூயிங்டனில் கிடைத்தது டுரோலெவம்தானா? ஒரு வயலுக்கடியில் ஊர் இருக்கிறது என்று முதலில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அதன் பெயர் இதுதான் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

மெட்வேவாசி:

நான் மெட்வே பக்கம்தான் இருக்கிறேன். நியூயிங்டன் வழியாக பஸ்ஸில் போய் வருவதுண்டு. சாலை அந்த இடத்தில் மிகவும் ஒடுக்கம், இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்கும். ஊரைத் தாண்டினால் பழத்தோட்டங்கள். பார்த்தால் கீழே ஒரு ஊர் கிடக்கிறது என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த ஊருக்குப் பழைய கதை உண்டு. 17ஆம் நூற்றாண்டிலேயே மெரிக் கசாபோன் என்ற அறிஞர் இங்கே வயலில் ரோமானியத் தாழிகள் நிறைய அகப்படுவதை எழுதி வைத்திருக்கிறார். ஆக, 2019இல் வந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் கை வைக்கவில்லை. ஏதோ இருக்குது என்று நாலு நூற்றாண்டாகத் தெரியும், எவ்வளவு பெரியது என்றுதான் தெரியாமல் இருந்தது.

குழிக்குள்:

நெடுவழி கேட்ட இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். இங்கிலாந்தில் இந்த வேலையில் சில காலம் இருந்தவன்.

1990இல் இங்கிலாந்தில் கட்டுமான அனுமதிக்கான அரசு வழிகாட்டுதல் ஒன்று வந்தது. நிலத்தைக் கிளறப் போகிறவரே அதற்கு முன்னான அகழாய்வுச் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நடைமுறை அதோடு நிலைபெற்றது. இன்று வெளிவரும் ரோமானியச் சாலையோர ஊர்களில் பெரும்பாலானவை இப்படி வெளிவந்தவைதான். நார்தாம்ப்டன்ஷயரில் பிளாக்கிரவுண்ட்ஸ், அய்ல்ஸ்பரிக்குப் பக்கத்தில் ஃபிளீட் மார்ஸ்டன் இரண்டும் எச்எஸ்2 ரயில் பாதைக்காகத் தோண்டியபோது முழு உருவில் தெரியவந்தன. பிளாக்கிரவுண்ட்ஸில் சாலையே 10 மீட்டர் அகலம்.

வேலை மண்ணில் தொடங்குவதில்லை, காகிதத்தில் தொடங்கும். பழைய வரைபடங்கள், வயல் பெயர்கள், உழும்போது கிடைத்த காசுகளின் பதிவு, வான்வழிப் படங்கள். கோடை வறட்சியில் எடுத்த படம் என்றால் பொன். மூடிப்போன பள்ளத்தில் மண் ஆழம், ஈரம் தங்கும், அதன் மேல் வளரும் பயிர் பச்சையாகவே இருக்கும். சுவருக்கு மேல் வளர்வது சீக்கிரம் மஞ்சளாகிவிடும். மேலிருந்து பார்த்தால் ஊரின் கோடு தெரியும்.

அடுத்து மேக்னடோமீட்டர். சட்டகத்தில் மாட்டிய கருவியைத் தூக்கிக்கொண்டு வயலில் மேலும் கீழுமாக நடப்பார்கள். மண்ணில் இரும்புத்தாது கொஞ்சமாவது இருக்கும். அது சூடேறி ஆறும்போது காந்தத்தன்மையைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சூளையும் உலையும் படத்தில் பளிச்சென்று விழும். குப்பையும் சாம்பலும் நிறைந்த பள்ளங்களும் தெரியும். நியூயிங்டன் மாதிரி சூளை, உலை இரண்டும் உள்ள இடம் இந்தக் கருவிக்கு ஏற்ற இடம்.

அப்புறம் சோதனைக் குழிகள். நிலத்தில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்குவரை நீளவாட்டில் கீறிப் பார்ப்பார்கள். பொருள் இருக்கிறது என்றால்தான் மேல்மண்ணை முழுக்க எடுப்பது. அதற்குப் பல் இல்லாத வாளி மாட்டிய இயந்திரம் வேண்டும். பல் இருந்தால் அடியில் இருப்பதைப் பிராண்டிவிடும்.

மேல்மண் போனதும் சுவரும் தூணும் தெரியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தெரிவது நிறம்தான். மஞ்சள் களிமண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தால் அது மரத்தூண் நட்ட குழி. வெயிலில் காய்ந்தால் அந்த நிறமும் மறைந்துவிடும், தண்ணீர் தெளித்து மறுபடி வரவழைப்போம். பாதி வட்டத்தை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்து, வெட்டு முகத்தைப் பார்ப்போம். தூண் நின்ற இடம் மென்மையாகக் கருத்திருக்கும், அதைச் சுற்றி இறுக்கிய சக்கிமுக்கிக் கற்கள் அப்படியே இருக்கும். கல்லை அடித்து இறுக்கியவன் கை தெரிகிற மாதிரி இருக்கும்.

சாலையோர ஊரைப் பண்ணை மாளிகையிலிருந்து பிரித்துச் சொல்வது அதன் அமைப்பு. வீடுகள் குறுகலாக, நீளமாக, முகப்பை மட்டும் சாலைக்குக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். முன்னால் கடை அல்லது பட்டறை, பின்னால் குடும்பம், அதற்கும் பின்னால் கிணறு, குப்பைக்குழி, சூளை. பிணங்கள் ஊருக்கு வெளியே, சாலையோரமாக. குடியிருப்புக்குள் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். ஆகவே இடுகாடு கிடைத்தால் ஊர் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள், அங்கேயே இருக்கிறது என்று பொருளல்ல. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், டுரோலெவம் விஷயத்தில் தேவைப்படும்.

நெடுவழி:

அருமை, குழிக்குள். ஊரைக் கண்டுபிடிப்பது புரிந்துவிட்டது. இனி பெயர்?

வழிப்பட்டியல்:

பெயருக்கு நமக்கு இருப்பது முக்கியமாக ஒரே ஆவணம். அன்டோனைன் வழிப்பட்டியல் ரோமானியப் பேரரசு முழுவதுக்குமான பயணத் தடங்களின் தொகுப்பு. பிரிட்டனுக்கு அதில் 15 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் ஊர்ப்பெயரும், முந்தைய ஊரிலிருந்து எத்தனை மைல் என்பதும் இருக்கும். ஒரு ரோமானிய மைல் ஏறத்தாழ 1.48 கிலோமீட்டர்.

இரண்டாம் தடம் லண்டனைக் கடந்து ரிச்பரோ துறைமுகம் வரை வருகிறது. அதன் கடைசிப் பகுதி இப்படி: வாக்னியாக்கேயிலிருந்து டுரோப்ரிவே 9, அங்கிருந்து டுரோலெவம் 13, அங்கிருந்து டுரோவெர்னம் 12, அங்கிருந்து ரிச்பரோ 12. டுரோப்ரிவே என்றால் ராச்செஸ்டர், டுரோவெர்னம் என்றால் கேன்டர்பரி. இவை இரண்டிலும் சந்தேகமில்லை.

யார் வேண்டுமானாலும் வரைபடத்தை விரித்து அளந்து பார்க்கலாம், நானும் அளந்தேன். வாக்னியாக்கே என்று சொல்லப்படும் ஸ்பிரிங்ஹெட், ராச்செஸ்டரிலிருந்து ஏறத்தாழ 13.3 கிலோமீட்டர். அதாவது 9 ரோமானிய மைல். பட்டியலும் 9 என்றுதான் சொல்கிறது. கேன்டர்பரியிலிருந்து ரிச்பரோ ஏறத்தாழ 17.6 கிலோமீட்டர், அதாவது 12 மைல். பட்டியலும் 12. இரண்டு பக்கமும் கச்சிதம்.

நடுவில்தான் சிக்கல். ராச்செஸ்டரிலிருந்து கேன்டர்பரி 42 கிலோமீட்டருக்கு மேல். ரோமானியக் கணக்கில் 28 மைலைத் தாண்டும். பட்டியலில் 13ஐயும் 12ஐயும் கூட்டினால் 25தான் வருகிறது. மூன்று மைல் எங்கே போனது?

மூன்றாம், நான்காம் தடங்களும் இதே சாலையில் போகின்றன. ஒன்று டோவர் துறைமுகத்துக்கு, மற்றது லிம்ப்னுக்கு. இரண்டிலும் டுரோலெவம் இல்லை, ராச்செஸ்டரிலிருந்து நேரே கேன்டர்பரி 25 என்று இருக்கிறது. அந்தத் தடங்களின் தலைப்பில் உள்ள மொத்தத் தொகையும் இந்த 25ஐ வைத்துத்தான் சரியாக வருகிறது. ஆகவே இது எவரோ தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியில் செய்த பிழை இல்லை, மிகப் பழைய பிழை.

சில கையெழுத்துப் பிரதிகளில் 13க்குப் பதில் 16 என்று இருக்கிறது. ரோமானிய எழுத்தில் 13 என்றால் பத்துக்குறிக்குப் பின் மூன்று கோடுகள். அதில் முதல் இரண்டு கோடுகளின் அடி சேர்ந்திருந்தால் அது ஐந்துக்குறி, எண் 16 ஆகிவிடும். பிரதி எடுத்தவர்களிடம் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். 16ஐ எடுத்தால் 16ம் 12ம் 28. தரையில் இருக்கும் தூரத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது.

இப்போது நியூயிங்டன். ராச்செஸ்டரிலிருந்து ஏறத்தாழ 12.5 கிலோமீட்டர், எட்டரை மைல்கூட வராது. கேன்டர்பரியிலிருந்து 20 மைல். 13ம் பொருந்தவில்லை, 16ம் பொருந்தவில்லை, 12ம் பொருந்தவில்லை.

கேன்டர்பரியிலிருந்து 12 மைல் பின்னால் வந்தால் நிற்கும் இடம் ஃபேவர்ஷமுக்கு மேற்கே, ஓஸ்பிரிஞ்சைத் தாண்டி ஜட்ஸ் ஹில், சிண்டேல் பக்கம். அங்கேதான் 1920களில் 380க்கும் மேற்பட்ட ஈமப் புதைவுகள் கொண்ட ரோமானிய இடுகாடு வெளிவந்தது. டுரோலெவத்துக்கு நான் கை நீட்டும் இடம் அதுதான்.

பானையோடு:

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, எண் கெட்டுப்போன ஆவணம் என்று நீங்களே சொல்கிறீர்கள். கெட்ட எண்ணைத் திருத்தி, திருத்திய எண்ணை வைத்து இடம் குறிப்பது எப்படி உறுதியாகும்? 13ஐ அப்படியே வைத்து ராச்செஸ்டரிலிருந்து அளந்தால் சிட்டிங்போர்னைத் தாண்டி பேப்சைல்டு பக்கம் நிற்கிறோம். 12ஐ வைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தால் சிண்டேல். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் இடைவெளி. பட்டியல் நமக்குத் தருவது ஒரு புள்ளியை அல்ல, அந்த நீளம் முழுவதையும்.

இரண்டாவது, ஓஸ்பிரிஞ்சில் கிடைத்தது இடுகாடு. குழிக்குள் சொன்னது போல, இடுகாடு ஊரல்ல. சிண்டேலில் குடியிருப்புத் தடயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தொழில், வழிபாடு, சாலை எல்லாம் ஒரே இடத்தில் விரிந்து கிடப்பது நியூயிங்டனில்தான். பொருளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பது சரியல்ல.

வழிப்பட்டியல்:

பானையோடு, உங்கள் முதல் வாதத்தை முழுதாக ஏற்கிறேன். பேப்சைல்டிலிருந்து சிண்டேல் வரையான நீளம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நீளத்துக்குள்ளும் நியூயிங்டன் வரவில்லையே.

இரண்டாவதை ஏற்க முடியாது. நியூயிங்டன் பெரிய ஊர் என்பதால் பட்டியலில் இருக்கும் பெயர் அதற்குத்தான் சேரும் என்று எப்படிச் சொல்வது? பட்டியல் ஊர்களின் தரவரிசை அல்ல. அரசு வேலையாய்ப் போகிறவன் குதிரை மாற்றி, இரவு தங்கும் இடங்களின் வரிசை. ஒரு சின்ன இடத்தில் அரசு விடுதி இருந்தால் அது பட்டியலில் ஏறும், பட்டறைகள் நிறைந்த பெரிய ஊர் விடுபட்டுப்போகும். நாம் பெயர் அறியாத சாலையோர ஊர்கள் பிரிட்டனில் ஏராளம். நியூயிங்டன் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதில் அந்த ஊருக்குக் குறைவு ஒன்றுமில்லை.

பெயர் ஒலியை மட்டும் நம்பியவர்களும் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வில்லியம் கேம்டன் இந்தப் பெயரை டுரோலெனம் என்று படித்துவிட்டு லென்ஹமைக் காட்டினார். லென்ஹம் இந்தச் சாலையிலேயே இல்லை.

கரூர்க்காசு:

இந்த விவாதத்தைப் படிக்கும்போது எனக்குக் கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வுதான் நினைவுக்கு வருகிறது. காரணம் உண்டு. பியூட்டிங்கர் வரைபடம் என்று வியன்னாவில் ஒரு நீண்ட தோல்சுருள் இருக்கிறது. ரோமானியச் சாலை வரைபடத்தின் இடைக்காலப் பிரதி. அதன் மேற்கு ஓரம் அழிந்துபோனதால் பிரிட்டனில் தென்கிழக்கு மூலை மட்டும்தான் மிஞ்சியது. அந்த மூலையில் டுரோலெவம், பெயர் சிதைந்து புரோலெவோ என்று இருக்கிறது. அதே சுருளின் கிழக்குக் கோடியில் நம் சேரர் துறைமுகமான முசிறி இருக்கிறது, பக்கத்தில் அகஸ்டஸ் கோயில் என்ற குறிப்போடு.

கேரளத்தில் பட்டணத்தில் 2007 முதல் தோண்டினார்கள். மத்தியதரைக் கடல் பகுதியின் ஆம்போரா சாடிகளின் ஓடுகள் குவியலாக வந்தன. இதுதான் முசிறி என்று ஒரு தரப்பு, பெயர் பொறித்த ஒரு துண்டு இல்லாமல் எப்படிச் சொல்வது என்று இன்னொரு தரப்பு. இங்கே நீங்கள் பேசுவது அதேதான்.

இன்னொரு தொடர்பும் சொல்லிவிடுகிறேன். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலர், அதற்கு முன் 1930களில் தோண்டியது செயின்ட் ஆல்பன்ஸில் உள்ள வெருலேமியத்தை. அது இதே வாட்லிங் ஸ்ட்ரீட்டில், இதே இரண்டாம் தடத்தில் இருக்கும் ஊர். இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் என்ற பானை வகையின் ஓடுகளைக் கொண்டு அரிக்கமேட்டுக்குக் காலம் குறிக்க அவருக்குக் கைகொடுத்தது ரோமானிய ஊர்களில் பழகிய அந்தக் கண்தான். அங்கே கற்ற பாடம் புதுச்சேரி மண்ணில் பயன்பட்டிருக்கிறது. அதனால் கென்ட்டில் நடப்பது நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நான் நினைப்பதில்லை.

புதுவரவு:

ஒரு அடிப்படைக் கேள்வி, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். சாலை இன்றுவரை அதே இடத்தில் ஓடுகிறது. அதன் ஓரத்து ஊர் மட்டும் எப்படி அடியோடு தொலையும்?

குழிக்குள்:

நல்ல கேள்வி. சாலையோர ஊரின் பிழைப்பு போக்குவரத்து. அரசு அஞ்சல்காரன், படை, வரி, வண்டி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய நிர்வாகம் பிரிட்டனை விட்டுப் போனதும் புதுக் காசு வருவது நின்றது. காசு நின்றதும் பெரிய அளவில் பானை வனைந்து விற்பதும் நின்றது. வாடிக்கையாளர் இல்லாத ஊரில் யார் இருப்பார்கள்?

வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டமும் களிமண் பூச்சும். கூரை ஒழுகினால் ஓரிரு தலைமுறையில் மண்ணோடு மண். கல்லாகவோ செங்கல்லாகவோ இருந்தவற்றைப் பின்னால் வந்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போய்த் தேவாலயம் கட்டினார்கள். அதற்கு மேல் ஆயிரம் வருஷ உழவு. சாலைக்கு மட்டும் என்றும் தேவை இருந்தது, கேன்டர்பரிக்குப் போக வேறு நல்ல வழி இல்லை.

மெட்வேவாசி:

பெயர்த்துக்கொண்டு போன கதைக்கு ஓஸ்பிரிஞ்சிலேயே நேரில் பார்க்கக்கூடிய சாட்சி உண்டு. ஏ2வுக்கு வடக்கே, சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, வயலுக்குள் ஸ்டோன் சேப்பல் என்ற இடிந்த கிறிஸ்தவக் கோயில் நிற்குது. கதவில்லை, கட்டணமில்லை.

அதன் பலிபீடப் பகுதிச் சுவரைக் கவனித்துப் பாருங்கள். அது மட்டும் சதுரம். சின்னதாகச் செதுக்கிய கல் ஒரு வரிசை, அதற்கு மேல் சிவப்புச் செங்கல் ஓடுகள், மறுபடி கல் என்று அளந்து வைத்த மாதிரி ஏறும். கிழக்காலும் மேற்காலும் ஒட்டி நிற்கும் சுவர்கள் வேறு கை. கரடுமுரடான சக்கிமுக்கிக் கல்லைச் சுண்ணாம்பில் குழைத்து எழுப்பியவை. நடுவில் இருப்பது 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கல்லறை மண்டபம். இடைக்காலத்தில் அதை இடிக்காமல் கோயிலுக்குள் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். 1960களின் பிற்பகுதியில் எரிக் ஃபிளெட்சரும் மீட்ஸும் தோண்டிப் பார்த்து இதை உறுதி செய்தார்கள்.

வழிப்பட்டியல் அண்ணை, இதையும் உங்கள் கணக்கில் சேருங்கள். இப்படி ஒரு கல்லறை கட்ட வசதியுள்ள குடும்பம் பக்கத்தில் இருந்திருக்க வேணும்.

பானையோடு:

ஸ்டோன் சேப்பல் முக்கியமான சான்றுதான், சந்தேகமில்லை. ஆனால் பணக்காரக் கல்லறை பண்ணை மாளிகைக்காரருடையதாகவும் இருக்கலாமே? ஊர் இருந்தது என்று அதுவே சொல்லிவிடாது.

எது சொல்லும் என்று இரண்டு உதாரணம் தருகிறேன். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குப் பக்கத்தில் வின்டோலாண்டா. 1914இல் அங்கே ஒரு பலிபீடம் கிடைத்தது, அதை நிறுவியவர்கள் வின்டோலாண்டா ஊர்க்காரர்கள் என்று அதிலேயே வெட்டியிருக்கிறது. அதோடு பெயர்ச் சண்டை முடிந்தது.

அடுத்தது இன்னும் பொருத்தம். ராச்செஸ்டர் அல்லாமல் இன்னொரு டுரோப்ரிவேயும் உண்டு, பீட்டர்பரோவுக்கு அருகே வாட்டர் நியூட்டனில். அது பானைத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே மோர்ட்டேரியம் என்ற அரைக்கும் கிண்ணங்களின் விளிம்பில் குயவர் முத்திரை குத்துவார்கள். கூனோவாரஸ் என்ற குயவர் தன் பெயரோடு டுரோப்ரிவே என்ற ஊர்ப்பெயரையும் குத்தியிருக்கிறார். ஒரு விளிம்புத் துண்டு ஊரின் பெயரைச் சொல்லிவிட்டது.

நியூயிங்டனில் சூளைகள் இருக்கின்றன. அதனால்தான் நான் அந்த இடத்தை விட மறுக்கிறேன். பெயர் எழுதிய ஓடு வர வாய்ப்புள்ள இடம் இடுகாடு அல்ல, சூளைக்குப் பின்னால் உடைந்ததைக் கொட்டிய குழி.

வழிப்பட்டியல்:

இதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. அப்படி ஒரு துண்டு வந்தால் என் மைல் கணக்கு அத்தனையும் அதற்கு வழிவிடும். அது வரும் வரை, நியூயிங்டனை டுரோலெவம் என்று எழுதக் கூடாது என்பதுதான் என் நிலை. ‘நியூயிங்டன் ரோமானியச் சாலையோர ஊர்’ என்று எழுதினால் அது நூற்றுக்கு நூறு உண்மை.

நெடுவழி:

எல்லோருக்கும் நன்றி. நான் வழிப்பட்டியல் பக்கம் சாய்கிறேன். ஆனால் பானையோடு சொன்ன அந்த இடைவெளி, பேப்சைல்டிலிருந்து சிண்டேல் வரை, அதை வீட்டிலிருந்தே பார்க்க ஏதாவது வழி உண்டா? ஸ்பிரிங்ஹெட்டில் நீரூற்றுகளைச் சுற்றிக் கோயில்கள் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அதுபோல ஊற்று, ஓடை உள்ள இடங்களை முதலில் பார்க்கலாமா?

குழிக்குள்:

பார்க்கலாம். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை லைடார் அளவீட்டை இலவசமாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. விமானத்திலிருந்து லேசர் கதிரை இறக்கித் தரையின் மேடு பள்ளத்தை அளந்தது. ஒரு மீட்டர் நுணுக்கத்தில் கிடைக்கும். இறக்கிக்கொண்டு, ஒளி வடமேற்கிலிருந்து தாழ்வாக விழுகிற மாதிரி அமைத்துப் பாருங்கள், பிறகு திசையை மாற்றி மறுபடி பாருங்கள். ஒரு திசையில் மறைவது இன்னொன்றில் தெரியும். ஏ2வுக்கு இரண்டு பக்கமும் 200 மீட்டர் போதும், சாலையோர ஊர் அதற்கு மேல் அதிகம் உள்ளே போகாது.

பழத்தோட்டங்களில் மரவரிசைகள் கோடு கோடாகத் தெரியும், அவற்றைப் பள்ளம் என்று எண்ணிவிடாதீர்கள். சாலைக்குச் செங்குத்தாக, ஒழுங்கான இடைவெளியில் சின்னச் சின்ன எல்லைக் கோடுகள் தெரிந்தால் படத்தை இங்கே போடுங்கள். நீரோட்டம் பற்றி நீங்கள் கேட்டதும் சரிதான், ஓஸ்பிரிஞ்சில் சாலையைக் கடக்கும் ஓடைப் பள்ளத்திலிருந்து மேற்கே நகருங்கள்.